இறால் உரித்த கைகள்

1997 ஆகஸ்டில் இந்தியக் கடலுணவு உள்ளே வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அதன் ஆய்வாளர்கள் இங்கே வந்து பார்த்த ஆலைகளின் சுகாதாரம் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. ஏற்றுமதி வரலாற்றில் இது ஒரு நெருக்கடி, பிறகு நவீனமாதல் என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே உட்கார்ந்து இறால் உரித்த பெண்களைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன்.

1950களில் கொச்சியிலிருந்து உறைந்த இறால் கப்பலேறத் தொடங்கியது. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகுக் குடலை உருவும் வேலை பெண்களிடம் வந்தது. கேரளக் கடலோரத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகைகளில் அது நடந்தது. ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்காகக் கை. உரித்த அளவுக்குத்தான் கூலி. நடுவில் ஒப்பந்தக்காரர் இருந்ததால், இவர்கள் யாருடைய தொழிலாளர்கள் என்பதற்கே பதில் கிடையாது.

தடைக்குப் பிறகு உரிப்பு வேலை ஆலைக்குள் வரவேண்டும் என்றானது. பிள்ளையை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போக முடியாதவருக்கு அங்கே இடம் ஏது? போக முடிந்த இளம்பெண்கள், தடைக்கு முன்பிருந்தே, குஜராத்தின் வெராவல் வரை போய் ஆலை விடுதிகளில் தங்கி உரித்தார்கள்.

ஆலைக்குள் வந்த புதிய முறைக்குப் பெயர் ஹாசப். 1960களில் விண்வெளி வீரர்களின் சாப்பாட்டுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. கடைசியில் பொருளைச் சோதித்துப் பார்ப்பது போதாது, ஆபத்து எந்தப் படியில் நுழைகிறதோ அங்கேயே அதைத் தடுக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல யோசனை, எனக்கு அதோடு வழக்கில்லை. கெட்ட இறாலை யாரும் தின்ன வேண்டியதில்லை.

ஆனால் இத்தகைய சுகாதார விதிகளில் உரிப்பவள் வருவது நகமாக, வளையலாக, விரல் புண்ணாக. புண் இருந்தால் அவளை உணவைத் தொடவிடக்கூடாது. சரி. அந்தப் புண் எப்படி வந்தது? இறால் முள் குத்தி, ஐஸில் ஊறி வந்தது. உரிக்காத நாளில் அவளுக்குக் கூலியில்லை. அப்படியிருக்க, மேற்பார்வையாளரிடம் அவள் ஏன் கையை நீட்டிக் காட்டப்போகிறாள்? உறைக்குள் மறைத்துக்கொண்டு மேசைக்கு வருவாள். புண் ஆறும்வரை சம்பளத்தோடு விடுப்பு என்றிருந்தால் அந்த ஆபத்து மேசைவரை வந்திருக்காது. அதற்கான செலவை ஐரோப்பாவில் வாங்குபவரும் கேட்கவில்லை, இங்கே விற்பவரும் கணக்கில் எழுதவில்லை.