தோள்பட்டை நீர்ப்பை அழற்சி

தோள்பட்டை நீர்ப்பை அழற்சி என்பது தோள் மூட்டில் எலும்புக்கும் தசைநாண்களுக்கும் இடையே உராய்வைக் குறைக்கும் சிறு நீர்ப்பை வீங்கி வலி தரும் நோய்நிலை ஆகும். மருத்துவத்தில் இப்பை பர்சா என்றும், அதன் அழற்சி பர்சைட்டிசு என்றும் அழைக்கப்படுகின்றன. இந்நோய் உயிருக்கு ஆபத்தானது அன்று. ஆயினும் சட்டை அணிதல், தலை வாருதல், உறங்குதல் ஆகியவற்றைக் கடினமாக்குவதுடன், சுமை தூக்கிப் பிழைப்போரின் வருவாயையும் பாதிக்கக் கூடியது. பெரும்பாலானோர் அறுவை மருத்துவம் இன்றியே நலமடைகின்றனர்.

அமைப்பு

தோளெலும்பின் ஒரு பகுதி மூட்டின் மேல் கூரை போல நீண்டுள்ளது. அக்கூரைக்கும், கையை உயர்த்த உதவும் தசைநாணுக்கும் நடுவே ஒரு நீர்ப்பை உள்ளது. அழற்சி பெரும்பாலும் இப்பையிலேயே ஏற்படுகிறது. இது தனித்துத் தோன்றுவது குறைவு. அடியிலுள்ள தசைநாணின் தேய்வுடன் சேர்ந்தே பெரும்பாலும் காணப்படுகிறது. இதைத் தவிர, தோள்நுனி எலும்புக்கும் மேல்தோலுக்கும் இடையிலும் சிறு நீர்ப்பை உண்டு. தோளின் மேல் சுமை அழுத்துவதால் இதுவும் தடிக்கலாம்.

காரணங்கள்

* கையைத் தலைக்கு மேல் உயர்த்திச் செய்யும் வேலைகளைத் தொடர்ந்து செய்தல் (சுவருக்கு வண்ணம் பூசுதல், மூட்டைகளை அடுக்குதல்)
* வழக்கமில்லாத கடும் வேலையைத் திடீரெனச் செய்தல்
* கீழே விழுதல் அல்லது அடிபடுதல்
* முடக்குவாதம், கீல்வாதம் போன்ற நோய்கள்
* நுண்ணுயிர்த் தொற்று (அரிதாக)

சுமையும் தோளும்

திருவண்ணாமலையில் தோளில் சுமை தாங்குவது தொழிலாகவும் வழிபாடாகவும் உள்ளது. கார்த்திகைத் தீபத் திருவிழாவில் மகாதீபம் ஏற்றுவதற்கான கொப்பரை, ஏறத்தாழ 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சிக்கு மனிதர்களால் சுமந்து செல்லப்படுகிறது. நெல், மணிலா விளையும் இம்மாவட்டத்தில் மூட்டை தூக்குதலும் பலரின் அன்றாடத் தொழில் ஆகும். இவ்விரு வகைச் சுமைகளும் தோளுக்குத் தரும் அழுத்தம் வேறுபட்டது. ஆண்டுக்கு ஒருமுறை சுமப்பவரின் தோள் அப்பளுவுக்குப் பழகியிராது. நாள்தோறும் சுமப்பவரின் தோளுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

சுமை அழுத்தும் இடம் காய்த்துப் புடைப்பது பிற நாடுகளிலும் அறியப்பட்டதே. ஜப்பானில் மிக்கோசி எனப்படும் கோயில் பல்லக்கைச் சுமப்போரின் தோளில் தோன்றும் புடைப்புக்கு மிக்கோசி டாக்கோ என்றே பெயர் உள்ளது. தோளில் மடித்த துண்டை வைத்தல், தோள் மாற்றிச் சுமத்தல், பழகாத பளுவைச் சிறிது சிறிதாகப் பழகுதல் ஆகியவை அழுத்தத்தைக் குறைக்கும்.

அறிகுறிகள்

தோளின் வெளிப்பக்கத்தில் தோன்றும் வலி மேற்கை வரை இறங்கலாம். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரையான பகுதியில் வலி மிகும். பாதிக்கப்பட்ட பக்கம் சாய்ந்து படுக்க இயலாது.

பின்வருவன இருப்பின் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

* தோள் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருத்தல். இது தொற்றாக இருக்கலாம்.
* அடிபட்ட பின் கையை உயர்த்தவே இயலாமை. தசைநாண் அறுந்திருக்கலாம்.
* தோள் வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல். இவை மாரடைப்பின் அறிகுறிகள்.

பிறர் அசைத்தாலும் கை எல்லாத் திசையிலும் இறுகியிருந்தால் அது உறைந்த தோள் எனப்படும் வேறு நோய்நிலையாக இருக்கலாம். நீரிழிவு உள்ளோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

மருத்துவம்

முதல் சில நாட்களுக்கு வலி தரும் வேலையைத் தவிர்ப்பதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிட அளவில் வைப்பதும் பயன் தரும். இபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகள் குறுகிய காலத்திற்குத் தரப்படுகின்றன. இரைப்பைப் புண், சிறுநீரக நோய், இதயநோய் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளலாகாது.

வலி தாங்க இயலாதபோது நீர்ப்பையில் ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. நீரிழிவு உள்ளோருக்கு இதன் பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரலாம். ஊசியால் வலி குறைந்த நிலையில் உடனே பழைய சுமைக்குத் திரும்பினால் நோய் மீண்டும் வர வாய்ப்புண்டு.

எலும்புக் கூரையைச் சிறிது செதுக்கி இடைவெளியை அகலமாக்கும் அறுவை மருத்துவம் நெடுங்காலம் பரவலாகச் செய்யப்பட்டது. பிரித்தானியாவில் 313 பேரிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், எலும்பைச் செதுக்காமல் கருவியை மட்டும் உட்செலுத்திப் பார்த்தவர்களும் அதே அளவு நலமடைந்தது தெரிய வந்தது. இத்தகைய ஆய்வுகளைத் தொடர்ந்து, 2019 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதல் இவ்வறுவைக்கு எதிராகப் பரிந்துரைத்தது.

மீட்சி

கையை வாரக்கணக்கில் தூளியில் கட்டித் தொங்கவிட்டால் மூட்டு இறுகும். வலியைப் பொறுத்துக்கொண்டு சுமந்தால் அழற்சி ஆறாது. எனவே மீட்சி படிப்படியாக நிகழ வேண்டும்.

1. ஊசலாட்டம்: மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலியுள்ள கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுதல். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன் பெயரால் இப்பயிற்சி அறியப்படுகிறது. தோள் குறித்த அவரது நூல் 1934 இல் வெளியானது.
2. சுவர் ஏறுதல்: விரல்களைச் சுவரில் நடக்கவிட்டுக் கையைச் சிறிது சிறிதாக உயர்த்துதல்.
3. வலுவூட்டல்: வலி தணிந்த பின் நெகிழிப் பட்டையை இழுத்துத் தோள் தசைகளை வலுப்படுத்துதல்.

பயிற்சியின்போது தோன்றும் சிறு வலி விரைவில் அடங்க வேண்டும். மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். மீட்சிக்குச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம்.

தோள் தசைநாண் வலி உள்ள 708 பேரிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான மற்றொரு பிரித்தானிய ஆய்வில், இயன்முறை மருத்துவரை ஒரே ஒருமுறை சந்தித்து நல்ல அறிவுரை பெற்று வீட்டில் பயிற்சி செய்தவர்கள், ஆறு முறை வரை சந்தித்தவர்களுக்கு இணையாக ஓராண்டில் நலமடைந்திருந்தனர். ஊசியின் பயன் முதல் சில வாரங்களில் மட்டுமே சிறிதளவு தெரிந்தது. நாட்கூலியை இழந்து அடிக்கடி மருத்துவமனை செல்ல இயலாதோருக்கு இம்முடிவு முக்கியமானது. பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டால் எஞ்சியதை வீட்டுத் திண்ணையிலேயே செலவின்றிச் செய்யலாம். தமிழக அரசு 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவையுள்ளோருக்கு வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் அளிப்பதும் அடங்கும்.