கிளம்சி: குளிரில் பிறந்த ஒரு வார்த்தை

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி: கிளம்சி. டம்ளரைத் தட்டிவிட்டா கிளம்சி, மொபைலைக் கீழ போட்டா கிளம்சி. ஒருத்தரோட குணம் மாதிரி ஈஸியா சொல்லிடறோம். ஆனா இந்த வார்த்தை பிறந்தப்போ குணத்தைப் பத்திப் பேசல. குளிரைப் பத்திப் பேசுச்சு.

இடைக்கால ஆங்கிலத்துல 'கிளம்சன்'னு ஒரு வினைச்சொல். குளிர்ல விறைச்சு மரத்துப்போறதுன்னு அர்த்தம். 14-ஆம் நூற்றாண்டுல வில்லியம் லாங்லண்ட் எழுதின 'பியர்ஸ் பிளவ்மேன்' நெடுங்கவிதையில குளிர்ல வாடுறதைச் சொல்ல இது வருது. லாஜிக் சிம்பிள்தான். மரத்துப்போன விரலுக்கு எவ்வளவு இறுக்கிப் பிடிக்கணும்னு தெரியாது. பொருள் நழுவும். மரத்த கை, தடுமாறுற கை, கடைசியில தடுமாறுற ஆள்னு அர்த்தம் மெல்ல நகர்ந்துடுச்சு.

1590-கள்ல 'கிளம்சி' எழுத்துக்கு வருது. ஜான் மார்ஸ்டன்ங்கிற நாடகாசிரியருக்கு இந்த மாதிரி புது வார்த்தைன்னா உயிர். 1600 வாக்குல வந்த தன்னோட 'அன்டோனியோஸ் ரிவெஞ்ச்' நாடகத்துல குளிர்காலத்தையே கிளம்சின்னு சொல்றார். பழைய குளிர் இன்னும் அந்தச் சொல்லை விட்டுப் போகல, பாருங்க.

அவரோட போட்டியாளர் பென் ஜான்சன் சும்மா விடல. 1601-ல வந்த 'பொயட்டாஸ்டர்' நாடகத்துல மார்ஸ்டனைக் கிண்டல் பண்ண ஒரு கவிஞர் பாத்திரம் வெச்சார். அந்த ஆளுக்கு மாத்திரை கொடுத்து, மேடையிலேயே தன்னோட வார்த்தைகளை ஒவ்வொண்ணா வாந்தி எடுக்க வெச்சார்! அந்தப் பட்டியல்ல 'கிளம்சி' இருக்கு. கூடவே 'டேம்ப்', 'கான்ஷியஸ்', 'ஸ்ட்ரெனுவஸ்' எல்லாம் இருக்கு. இன்னைக்கு இதெல்லாம் சாதாரண இங்கிலீஷ். ஜான்சன் கிண்டல் பண்ணார், வார்த்தைகள் ஜெயிச்சுடுச்சு.

ஆனா ஜெயிச்ச 'கிளம்சி' வழியில குளிரைத் தொலைச்சுடுச்சு. காரணம் போயிடுச்சு, குற்றச்சாட்டு மட்டும் நின்னுடுச்சு. இது டாக்டர்கள் வரைக்கும் போச்சு. பட்டன் போட, பந்து பிடிக்கக் கஷ்டப்படுற பசங்களை மருத்துவ எழுத்துகளே 'கிளம்சி சைல்டு'ன்னு சொன்ன காலம் உண்டு. 1975-ல அதே தலைப்புல ஒரு மருத்துவப் புத்தகமும் வந்தது. அப்புறம் 1994-ல கனடாவோட லண்டன் நகரத்துல கூடின நிபுணர்கள், 'டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர்'ங்கிற பேரையே எல்லாரும் பயன்படுத்தலாம்னு ஒத்துக்கிட்டாங்க.

பேர் நீளம்தான். ஆனா அது திட்டு இல்ல. ஒரு சிஸ்டம் விழுந்தா எங்க வேலையில முதல்ல கேட்கிறது 'யார்' இல்ல, 'ஏன்'. அந்த 'ஏன்' 600 வருஷம் முன்னாடி இந்த வார்த்தைக்குள்ளேயே இருந்தது. அடுத்த தடவை ஒரு குழந்தையை கிளம்சின்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் கையை மரத்துப்போக வெச்சது எதுன்னு ஒரு நிமிஷம் கேளுங்க.