பதிவேடும் பறையும்

கண்டி நகரின் தென்மேற்கே, உடுநுவரைப் பகுதியில், ஒரு பெரும் பாறையின்மீது இலங்காதிலக விகாரை எழுந்து நிற்கின்றது. கம்பளையிலிருந்து அரசாண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில், சேனாலங்காதிகாரன் என்னும் அமைச்சன் எடுப்பித்த கோயில் அது. கோயிலுக்கு அளிக்கப்பெற்ற நிலம் முதலிய கொடைகளைக் கூறும் சாசனம் அந்தப் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கின்றது. சாசனம் ஒன்றன்று, இரண்டு. ஒன்று சிங்களத்திலும் மற்றொன்று தமிழிலும் அமைந்துள்ளன. இவற்றை வெட்டுவித்தவர், படிக்கவேண்டியவர் யாவர் என்பதை நன்கு அறிந்திருந்தனர் என்று கொள்ளலாம். எழுதி வைத்துவிட்ட அளவில் ஒரு பதிவு பொதுப்பதிவாகிவிடாது. உரியவன் கண்ணிற் படும் இடத்தில், அவனுக்குத் தெரிந்த மொழியில், அவன் மறுமொழி கூறக் காலம் எஞ்சியிருக்கும்போதே அது அவனை அடைதல் வேண்டும். கண்டி நாட்டின் காணி வரலாறு இவ்வுண்மையைக் கசப்பாகவே கற்பித்தது.

கண்டி மன்னர் காலத்திற் பதிவேடுகள் இல்லாமலில்லை. லேகம் எனப்பட்ட எழுத்ததிகாரிகள் பேணிய ஏடுகளுக்கு லேகம் மிட்டி என்று பெயர். பெரும்பாலும் வயற்காணிகளும், அவற்றை உழுவோர் அரசனுக்குச் செய்யவேண்டிய இராசகாரியமும் அவற்றிற் குறிக்கப்பட்டன. அரசன் ஒருவனுக்கு நிலம் வழங்கினால் செப்பேட்டிலோ ஓலையிலோ சன்னஸ் எழுதிக் கொடுத்தான். அரச கட்டளைகள் பறையறைந்து ஊர்தோறும் சாற்றப்பட்டன. ஆனால் காட்டை வெட்டி, எரித்து, ஓரிரு போகம் விளைவித்துப் பின் பல்லாண்டு தரிசாக விட்டுவைக்கும் சேனைநிலத்திற்கு எழுத்துச் சான்று அரிதாகவே இருந்தது. இன்னாருடைய சேனை இது என்பது ஊரறிந்த செய்தி. ஊரறிந்ததை எழுதுவானேன் என்று அக்காலத்தார் எண்ணியிருத்தல் கூடும்.

1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தத்தால் நாடு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன்பின் கால் நூற்றாண்டு கழிந்தது. கோப்பிப் பயிர் மலைச்சாரல்களில் ஏறத் தொடங்க, நிலத்தின் விலை உயர்ந்தது. அவ்வேளையில் வந்ததே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியன, மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன எனக் கருதப்படும் என்றது அது. கண்டிப் பகுதிகளுக்கோ இன்னும் கடுமையான ஒரு விதி இருந்தது. கரையோரத்திற் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த தோம்புகள் இருந்தன; கண்டி நாட்டில் அவ்வாறான தோம்பு பேணப்படவில்லை. ஆகையால் அங்குள்ள சேனைநிலமும் முடிக்குரியதே. உரிமை கோருபவன் சன்னஸையாவது மானியத்தையாவது காட்டவேண்டும், அல்லது இருபது ஆண்டுகளுக்குள் வழக்கமான வரியோ ஊழியமோ செலுத்தப்பட்டதை மெய்ப்பிக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தோம்பு இல்லாமை குடியானவனின் குற்றமன்று. எனினும் அந்தக் குறையின் சுமை அவன் தலையிலேயே ஏற்றப்பட்டது.

1897ஆம் ஆண்டின் முதலாம் இலக்கத் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. ஒரு நிலம் காடு, சேனை, தரிசு என்று அரசாங்க அதிபருக்குத் தோன்றினால், மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோராவிடின் அது முடிக்குரியதாகும் என அவர் அறிவித்தல் விடுக்கலாம். அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வெளிவரும், கச்சேரிச் சுவரிலும் நீதிமன்றச் சுவரிலும் ஒட்டப்படும், பறையடித்தும் சாற்றப்படும். ஏட்டளவில் இவ்விதிகளிற் குறைகாண்பது எளிதன்று. ஆனால் 1802ஆம் ஆண்டு தொடங்கிய வர்த்தமானியை மலைநாட்டுக் கிராமத்தில் எத்தனை பேர் வாங்கிப் படித்தனர்? கச்சேரிக்கு நடந்து வந்து சுவரைப் பார்க்க எவனுக்கு ஓய்வு இருந்தது? பறையொலி கேட்ட பக்கத்தில் இல்லாதவனுக்கும் அதே மூன்று மாதம்தான். அந்த மூன்று மாத மௌனம் சட்டத்தின் கண்ணிற் சம்மதமாயிற்று. 1931ஆம் ஆண்டின் காணித் தீர்ப்பனவுக் கட்டளைச் சட்டம் இதன் இடத்தைப் பெறும்வரை இம்முறை நீடித்தது.

இதற்கிடையே கண்டி நகருக்கு ஒரு மாநகரசபை கிடைத்திருந்தது. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி கொழும்பும் கண்டியும் அவ்வுரிமையைப் பெற்றன. 1870ஆம் ஆண்டு முதல் துனுவில வளவு நகரமண்டபமாயிற்று. பிரதானி ஒருவரின் இல்லம் வரிப்பதிவேடுகளின் இல்லமாக மாறியது காலத்தின் விளையாட்டே. 1939 வரை அரசாங்க அதிபரே சபைக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு தெரிவுசெய்யப்பட்ட முதலாவது நகர முதல்வர் சேர் குடா ரத்வத்தை. பின்னர் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. சபை இயற்றும் துணைவிதி வர்த்தமானியில் வெளியான பின்னரே வலுப்பெறும். வீட்டின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து ஆதனவரி விதிக்கும்போது அறிவித்தல் கொடுத்து, எழுத்துமூல ஆட்சேபத்துக்குக் காலமும் தரல்வேண்டும். நாள் தவறினால் கணிப்பே நிலைக்கும். தரிசுநில அறிவித்தலின் சாயல் இங்கும் சிறிது தெரிகின்றதன்றோ?

அறிவித்தல் வரும்வரை காத்திராமல், குடிமகனே சென்று பதிவேட்டைக் கேட்கும் வழியைத் திறந்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி முதல் அது செயற்படலாயிற்று. மாநகரசபை, பிரதேச சபை ஆகியனவும் அதற்குட்பட்டன. கோரிக்கையை எழுதிக் கொடுக்கலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் தகவல் அலுவலர் அதனை எழுத்திற் பதிந்துகொள்ளல் வேண்டும். ஏன் கேட்கின்றீர் என்று அவர் வினவ இடமில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலாயின் நாற்பத்தெட்டு மணித்தியாலமே தவணை. 'வடிகால் ஏன் சீராக்கப்படவில்லை?' என்று கேட்பவருக்கு விளக்கம்தான் கிடைக்கும். இன்ன வீதியின் வடிகாலுக்கென இன்ன ஆண்டில் நிறைவேறிய தீர்மானத்தின் பிரதி வேண்டும் என்று கேட்பவருக்குத் தாளே கைக்கு வரும்.

அதே சட்டம் பதிவேடுகளுக்கு ஆயுளும் வகுத்துள்ளது. புதிதாக உருவாகும் பதிவேட்டைப் பன்னிரண்டு ஆண்டுகளேனும் பேணவேண்டும். ஒருவர் கேட்டிருக்கும் தகவலை, அக்கோரிக்கை முடியுமுன் அழித்தலாகாது. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமாயின், அதைப் பற்றிய விவரங்களைத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே பொதுமக்களுக்கு வெளிப்படுத்தும் கடமை அமைச்சருக்கு உண்டு. 1897இல் குடியானவன் உரிமை கோருவதற்கு இருந்த அதே மூன்று மாதம், இங்கு அரசைக் காத்திருக்கச் செய்கின்றது.

மொழியைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரைப்படி, உள்ளூராட்சி மன்றத்தின் துணைவிதியும் அறிவித்தலும் அப்பகுதியின் நிருவாக மொழியில், ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியாகவேண்டும். நிருவாக மொழி சிங்களம் மட்டுமாயுள்ள இடத்தில், சுவரில் ஒட்டும் அறிவித்தல் தமிழிலும் இருக்கவேண்டும் என்று அவ்வுறுப்புரை கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 22ஆம் உறுப்புரை அவ்விடத்தும் தமிழருக்கு வேறொரு வாயிலைத் திறக்கின்றது. அங்குள்ளவர் அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளலாம். சட்டப்படி பார்வையிடவோ பிரதி பெறவோ உரிமையுள்ள எந்தப் பதிவேட்டின் பிரதியையும், அன்றி அதன் மொழிபெயர்ப்பையும், தமிழிற் பெறலாம். இலங்காதிலகப் பாறையில் எவரும் கேளாமலே தமிழ் வெட்டப்பட்டது. இங்கோ அதைக் கேட்டே பெறவேண்டியிருக்கின்றது.

கோரிக்கை மறுக்கப்படின் காரணத்தை எழுத்திற் கூறல் அலுவலரின் கடமை. மறுமொழியில் நிறைவு காணாதவர், அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டுக்கெனக் குறிக்கப்பட்ட அலுவலரிடம் பதினான்கு நாட்களுக்குள் முறையிடலாம். அங்கும் தீராவிடின், இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவை அணுகலாம். கோரிக்கை கொடுத்த நாளும் மறுமொழி கிடைத்த நாளும் பொறித்த பற்றுச்சீட்டும் கடிதமும் கைவசம் இருந்தால், அவ்வாணைக்குழுவின் முன் பேச்சு மிகச் சுருங்கும்.