சித்தப்பாவின் லென்ஸ்

சைகோனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவை 2006-இல், லென்ஸோடு சேர்த்து 600 ரூபாய்க்கு விற்றேன். "ஃபிலிம் யார் சார் இப்போ போடறாங்க?" என்றார் கடைக்காரர். எனக்கும் சரியென்றே பட்டது.

இரண்டே வருடத்தில், 2008-இல், பானசோனிக் ஜி1 வந்தது. மிரர்லெஸ் கேமராக்களின் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். படம் எடுக்கும்போது மேலே எழும்பும். அதற்கு இடம் வேண்டுமே! ஸ்பாட்மேட்டிக்கில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் சுமார் 45.5 மில்லிமீட்டர். கண்ணாடியை எடுத்துவிட்ட சோனி, 2010-இல் அதை 18 மில்லிமீட்டராக்கியது. மிச்ச இடைவெளிக்கு ஒரு வெற்று உலோக வளையம் போதும். ஐம்பது வருடத்து லென்ஸும் புதுக் கேமராவில் மாட்டிக்கொள்ளும். ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும்; எங்கள் தலைமுறைக்கு அது ஒரு குறையா?

2013-இல் வந்த சோனி ஏ7-இன் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே. பழைய லென்ஸ் பார்ப்பது முழுவதும் அதில் விழுந்தது. பீரோவில் கிடந்த லென்ஸ்களைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். கேமராவோ, அடுத்த மாடல் வந்ததும் பாதி விலை.

பேரன் போன வருடம் பழைய ஏ7 ஒன்று வாங்கினான். கூடவே ஒரு சூப்பர் டகுமார் 55 மி.மீ. லென்ஸ், 6,000 ரூபாய்க்கு. சித்தப்பாவிடம் இருந்த அதே லென்ஸ். அவர் மூடியின் உட்புறம் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருப்பார். திருப்பிப் பார்த்தேன். இல்லை.