தரூர், சசி

சசி தரூர் (பிறப்பு: 9 மார்ச் 1956, லண்டன்) பன்னாட்டு உறவுகள் அறிஞர், முன்னாள் ஐ.நா. அதிகாரி, எழுத்தாளர், திருவனந்தபுரம் மக்களவை உறுப்பினர். தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை சட்டமன்றத் தொகுதிகள் இவருடைய மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகின்றன. பெற்றோர் பாலக்காட்டுப் பூர்வீகத்தினர்.

ஏற்காடு மான்ஃபோர்ட் பள்ளியிலும், பின்னர் மும்பை, கொல்கத்தாவிலும் பயின்றார். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஃபிளெட்சர் பள்ளியில் சேர்ந்தார். 1978-இல் முனைவர் பட்டம் பெற்றபோது வயது 22. இந்திரா காந்தி காலத்து இந்திய வெளியுறவுக் கொள்கை உருவான விதத்தை ஆராய்ந்த அந்த ஆய்வேடு, 1982-இல் 'ரீசன்ஸ் ஆஃப் ஸ்டேட்' என்ற நூலாயிற்று. பின்னாளில் எழுதியவை பரவலாக வாசிக்கப்பட்டாலும், துறைசார் ஆய்வு என்ற வகையில் முதலிடம் இந்நூலுக்கே.

கல்விப்பணியை நாடாமல் 1978-இலேயே ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் சேர்ந்தார். 1981 முதல் 1984 வரை அதன் சிங்கப்பூர் அலுவலகத்தை நடத்தினார். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்தோருக்குப் புகலிடம் தேடிய காலம் அது. 1989-இல் அமைதிகாப்புப் பிரிவுக்கு மாறி, யூகோஸ்லாவியப் போர்க்காலப் பணிகளைக் கவனித்தார். 2002-இல் தகவல் தொடர்புக்கான துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பேற்றார். 2006-இல் பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டு, பான் கி மூனுக்கு அடுத்த இடம் பெற்றார்.

ஐ.நா.விலிருந்து 2007-இல் விலகி, 2009-இல் காங்கிரஸ் சார்பில் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் வென்று வெளியுறவு இணையமைச்சரானார். இந்திய வெளியுறவு பற்றிய 'பாக்ஸ் இண்டிகா' 2012-இல் வெளிவந்தது. 2014, 2019, 2024 தேர்தல்களிலும் அதே தொகுதியில் வெற்றிபெற்றார்.