சிறுவாட்டின் வரலாறு

சிறுவாடு என்னும் சொல்லைத் தமிழர் யாவரும் அறிவர். வீட்டுச் செலவுக்கெனக் கிடைக்கும் பணத்தில் இல்லாள் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து, கடுகு டப்பாவிலோ அரிசிப் பானையிலோ அஞ்சறைப் பெட்டியின் அடியிலோ மறைத்து வைக்கும் தொகைக்கு அப்பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு தலைநகரில் குடியிருக்கும் நாம், இதற்கு நேரான ஹிந்திச் சொல் ஒன்றைப் பல நாள் தேடியதுண்டு. ஸ்திரீதனம் என்றால் பொருந்தவில்லை. அது பிறர் கொடுத்தது, இது தானே சேர்த்தது. சேமிப்பு என்றாலும் நிறைவில்லை; சேமிப்பைப் பிறர் அறியலாம், சிறுவாட்டைப் பிறர் அறியலாகாது. ஏன் அறியலாகாது என்னும் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், இந்நாட்டுப் பெண்களின் பொருளியல் வரலாறே நம்முன் விரிகிறது.

பெண்ணுக்குச் சொத்து உண்டு என்பதை நம் பண்டைய நூல்கள் மறுக்கவில்லை. மனு ஸ்மிருதி ஆறு வகை ஸ்திரீதனத்தைக் கூறுகிறது. கல்யாணிச் சாளுக்கியர் அவையில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர், தம் மிதாட்சரத்தில் அதன் எல்லையை இன்னும் விரிவாக்கினார். ஆயினும் காத்தியாயனர் ஒரு முட்டுக்கட்டை இட்டிருந்தார். பெற்றோரும் உடன்பிறந்தாரும் அன்பினால் அளித்தவை பெண்ணுக்கு உரியவை. ஆனால் அவள் தன் கைத்தொழிலால் ஈட்டிய பொருளில் கணவனுக்கே அதிகாரம் என்பது அவர் கொள்கை. கொடையாக வந்தது அவளுடையது, உழைப்பால் வந்தது அவனுடையது என்னும் இந்த விசித்திரத்திலேயே சிறுவாட்டை ஒளித்து வைக்கும் வழக்கத்தின் வேரைக் காணலாம் என்று தோன்றுகிறது.

ஒளித்து வைக்க வேண்டாத சேமிப்பும் ஒன்று இருந்தது. அது நகை. காதிலும் கழுத்திலும் அழகுக்காக அணிந்த பொன்னே ஆபத்துக் காலத்தில் அடகுக் கடைக்குச் சென்று குடும்பத்தைக் காத்தது. எனவே பெண்ணின் அலங்காரத்தை வெறும் ஆடம்பரம் என்று பழிப்பவர்கள், அது அவள் உடலோடு எடுத்துச் செல்லக்கூடிய பாங்கியாகவும் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். 1962-ஆம் ஆண்டுச் சீனப் படையெடுப்பின்போது எத்தனையோ பெண்மணிகள் தேசப் பாதுகாப்பு நிதிக்குத் தம் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். 1963-இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, புதிதாகச் செய்யும் நகைகள் 14 காரட்டுக்கு மேற்படலாகாது என்றன. 1968-இல் அது தனிச் சட்டமாகி, 1990-இல் நீக்கப்பட்டது. சட்டம் வந்தது, போயிற்று. பொன்னின்மீது இருந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை. வேறு எதுவும் தன் பெயரில் இல்லாதவளுக்கு அந்நம்பிக்கை தவிர வேறு வழி யாது?

அழகுச் செலவு நாட்டின் கணக்கிலும் இடம் பெற்ற காலம் ஒன்றுண்டு. சுதந்திரத்திற்குப் பின் அன்னியச் செலாவணி அரிதாக இருந்தபோது, இறக்குமதியாகும் முகப்பூச்சுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் பணம் வெளியேறுவது கவலை தந்தது. 1952-இல் டாட்டா நிறுவனத்தார் லாக்மே என்ற பெயரில் உள்நாட்டு அழகுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினர். மஞ்சளும் சீயக்காயும் நல்லெண்ணெயும் கொண்டு அஞ்சறைப் பெட்டியிலும் அடுக்களை அலமாரியிலும் அடங்கியிருந்த அழகுக்கலை, அன்று முதல் விளம்பரப் பலகைகளிலும் ஏறிற்று. வாங்குவது குற்றமன்று, மாத வரவில் அதற்கென ஒரு பகுதியை முன்னரே வரையறுத்துக்கொள்ளாமல் வாங்குவதே தவறு.

இனி, சிறுவாடு எதிலிருந்து சேர்ந்தது என்று பார்ப்போம். வாடகையில் குறைக்க முடியாது. பள்ளிச் சம்பளத்தில் குறைக்க முடியாது. கணவர், குழந்தைகளின் தட்டிலும் குறைக்க மனம் வராது. எஞ்சியிருப்பது அவளுடைய தட்டு ஒன்றே. பாலைப் பிறர்க்கு ஊற்றித் தான் நீர்மோர் அருந்தியும், பருப்பைப் பிறர்க்கு இட்டுத் தான் ரசத்தோடு நிறுத்தியும் மிச்சப்பட்ட காசே பெரும்பாலும் கடுகு டப்பாவில் விழுந்தது.

இதன் விலை என்ன என்பதை அளந்து காட்டியவர்கள் நம் உணவியல் அறிஞர்கள். 1918-இல் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக மக்காரிசன் என்பவர் பொறுப்பில் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இயந்திரத்தில் வெண்மையாகத் தீட்டிய பச்சரிசி தன் உயிர்ச்சத்தை இழப்பதையும், புழுங்கலரிசியில் அச்சத்துப் பெரிதும் தங்குவதையும் இத்தகைய ஆராய்ச்சிகள் விளக்கின. குன்னூரில் இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுப் பண்டங்களின் சத்தைப் பட்டியலிட்டு நூல் ஒன்று வெளியிட்டார். கீரையும் பருப்பும் நிலக்கடலையும் விலை குறைந்தவை, சத்து மிகுந்தவை. ஆயினும் 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். இதற்குக் காரணங்கள் பல. வீட்டில் கடைசியாக உண்பவள் அவளே என்பதும் அவற்றுள் ஒன்று. உடலிலிருந்து எடுத்துச் சேர்க்கும் பணம் சேமிப்பு ஆகாது. அது வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டிய கடன்.

பணத்தை வைப்பதற்கு வெளியிடம் இல்லாமலும் இல்லை. தபால் நிலையச் சேமிப்பு பாங்கி 1882 ஏப்ரல் முதல் தேதி இந்தியாவில் செயற்படத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே, 1874-இல், மணமான பெண்களின் சொத்துச் சட்டம் மனைவியின் ஊதியம் அவளுக்கே உரியது என்று கூறியது; ஆனால் ஹிந்துக்கள், முஸ்லிம்கள் முதலியோரை அது விலக்கி வைத்திருந்தது. அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு மட்டும் 1923-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவர்களுக்கும் விரிந்தது. அதன்படி கணவன் தன் ஆயுளின்மீது மனைவி மக்களின் நன்மைக்கெனக் குறிப்பிட்டு எடுக்கும் காப்பீடு ஓர் அறக்கட்டளை போல் நிற்கும். அவன் கடன்காரர்கள் பொதுவாக அதில் கைவைக்க இயலாது. இப்பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது.

1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஹிந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு அளித்தது. ஆயினும் அவள் ஆயுள் வரை அனுபவிக்கும் குறுகிய உரிமையையே தந்தது. 1956-ஆம் ஆண்டு ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்தக் குறுகிய உரிமையை முழு உரிமையாக்கிற்று. மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் வந்தது. ஸ்திரீதனம் மனைவிக்கே உரியது, கணவன் வீட்டார் வெறும் பாதுகாவலரே என்பதை 1985-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சட்டத்தை எதிர்பாராமல் பெண்கள் தாமே வழி கண்டதும் உண்டு. 1959-இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் என்னும் பெருநிறுவனமாயிற்று. 1974-இல் ஆமதாபாத்தில் சேவா சங்கத்தைச் சேர்ந்த 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்தித் தமக்கெனக் கூட்டுறவு பாங்கி ஒன்றைத் தொடங்கினர். பலருக்குக் கையெழுத்திடத் தெரியாது. புகைப்படமே அவர்களுக்கு அடையாளமாயிற்று. காய்கறி விற்பவளின் சிறுவாடு அங்கே வெளிச்சத்துக்கு வந்து கணக்கேறியது.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்டபோது நாட்டின் சிறுவாடெல்லாம் ஒருங்கே வெளிப்பட நேர்ந்தது. மறுநாட் காலை எம் அன்னையார் துவரம்பருப்பு டப்பாவுக்குள்ளிருந்து துணியில் சுற்றிய சிறு கட்டு ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். தந்தையார் சிரித்தார், நாமும் சிரித்தோம், அன்னையார் சிரிக்கவில்லை. அவர் பெயரில் எந்தப் பாங்கியிலும் கணக்கில்லை. நாற்பது ஆண்டுக் குடித்தனத்தில் நாம் எவரும் அதைக் கவனித்ததில்லை. தொகையைத் தந்தையார் கணக்கில் செலுத்தினோம். ‘இனி அது யாருடையது?’ என்று அன்னையார் ஒருமுறை மட்டும் கேட்டார். விளையாட்டாக ஏதோ சொல்லி நகர்ந்தோம். பின்னர் அவர் கேட்கவே இல்லை.

அக்கேள்விக்கு உரிய விடை நமக்குப் பிற்பாடுதான் அகப்பட்டது. வீட்டுச் செலவுப் பணத்தில் மனைவி மிச்சம் பிடித்தது கணவனுக்கே உரியது என்று 1943-இல் இங்கிலாந்தில் தீர்ப்பாயிற்று. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இருவர்க்கும் சரிபாதி என்று மாற்றியது. நம் நாட்டில், கணவன் ஈட்டி வாங்கிய சொத்தில் வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் கலந்திருத்தலால் அவளுக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. இல்லத்தரசிகளின் பொருட்காப்புக்காகக் கணவர்கள் கூட்டுக் கணக்குப் போன்றவற்றைச் செய்துகொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. காத்தியாயனர் இட்ட முட்டுக்கட்டை இவ்வாறு மெல்ல அசைகிறது.

ஊரைவிட்டு வந்து டில்லி கரோல்பாகிலும் பம்பாய் மாதுங்காவிலும் பிற நகரங்களிலும் வேரூன்றிய நம்மவர் இதில் தனிக்கவனம் கொள்ள வேண்டும். ஊரில் இருந்தால் நம்பிக்கையான அத்தையோ அண்ணியோ பணத்தைக் காத்துத் தருவார். இங்கே அவர்கள் இல்லை. வாடகைச் சீட்டும் மின்சாரக் கட்டண ரசீதும் கணவர் பெயரில் இருப்பதால், மனைவிக்கு முகவரிச் சான்றும் எளிதில் அமைவதில்லை. ஆதலின் ஊர் மாறி வந்தவுடன் செய்ய வேண்டிய வேலைகளுள் அவள் பெயரில் தனிக்கணக்குத் திறப்பதும் ஒன்றாகட்டும். அண்டை வீட்டாரை நம்பிச் சீட்டுக் கட்டுவோர், அது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேட்டறியட்டும். மாதக் கணக்கு எழுதும்போது அவள் உண்ணும் பாலும் பழமும் முதல் வரியில் ஏறட்டும்.

எம் அன்னையாருக்கு மறு ஆண்டு தபால் நிலையத்தில் கணக்குத் திறந்தோம். தந்தையார் கணக்கில் செலுத்தியிருந்த தொகையை ரூபாய் குறையாமல் அதில் மாற்றினோம். பாஸ் புத்தகத்தைக் கையில் வாங்கியவர், தொகையைப் பார்க்குமுன் முதற்பக்கத்தில் இருந்த தம் பெயரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகம் இன்று துவரம்பருப்பு டப்பாவில் இருக்கிறது.