தறியிலே பிறந்த கணினி

ஆரணிப் பட்டின் பளபளப்பைப் பேசுவோர் பலர். அதை நெய்யும் கையைப் பேசுவோர் சிலர். அந்தக் கைக்குத் துணைநிற்கும் அறிவைப் பேசுவோரோ அரியர். தறியின் தலைமேல் அமர்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அதன் வரலாறு கணினி வரலாற்றின் முன்னுரை என்றால் நகைப்போரும் உளர். நம்ப வேண்டாம், தோழர்களே; எண்ணிப் பாருங்கள்!

பெட்டியில் சுழலும் அட்டையில் துளை இருந்தால் ஊசி உட்புகும். அதனோடு பிணைந்த பாவு இழை மேலெழும். துளை இல்லையேல் ஊசி தள்ளப்படும்; இழை எழாது. உண்டு, இல்லை - இந்த இரண்டிலிருந்தே மயிலும் மாங்காயும் கரையிலே மலர்கின்றன. கணினியும் ஒன்று, சுழி என்னும் இரண்டைக் கொண்டே எண்ணையும் எழுத்தையும் படத்தையும் காக்கிறது.

பிரெஞ்சு நாட்டு லியோன், ஆரணியைப் போலவே பட்டுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கே நெசவாளியின் மகனாகப் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டு, முன்னோர் முயற்சிகளைத் திருத்தி 1804இல் இப்பொறியை உருவாக்கினார். 1839இல் அவர் உருவமே பட்டில் நெய்யப்பட்டது. அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் ஏறத்தாழ 24,000! அந்தப் பட்டுப்படம் ஒன்றை வைத்திருந்தவர் ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணிப்பொறியையும் துளை அட்டைகளால் ஏவலாம் என்று கண்டவர் அவர். அப்பொறி கணக்கிடும் முறையை 1843இல் படிப்படியாக வகுத்து எழுதியவர் ஏடா லவ்லேஸ் என்னும் பெண்மணி. பொறி முற்றுப்பெறவில்லை, கருத்து மடியவில்லை. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் தொகுத்தவை ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டைப் பொறிகளே.

இனிச் சொற்களுக்கு வருவோம். அட்டையில் பொறித்துத் தறிக்குத் தரப்படும் செய்தி தரவு. 'டேட்டா' என்பதன் இலத்தீன் மூலத்துக்கும் தரப்பட்டது என்பதே பொருள். எதன்பின் எது என அட்டைகளைக் கோத்த ஒழுங்கு நிரல். பெட்டி வன்பொருள். பெட்டியை மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றினால் வேறு கரை விழுகிறதே, அந்த மாற்றத்தைத் தருவது மென்பொருள். பாவும் ஊடையும் இணைந்து ஆடையாவது போலக் கணினிகள் இணைந்தது இணையம். எந்தச் சொல் தமிழனுக்கு அந்நியம்?

தமிழுக்கு அறிவியல் வராது என்றனர். எழுத்தைப் பொறிக்கு ஏற்பச் சீர்திருத்தி 1935இல் 'குடி அரசு' ஏட்டிலே காட்டினார் பெரியார். 1978இல் தமிழ்நாட்டு அரசு அச்சீர்திருத்தத்தில் பலவற்றை ஏற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழுக்குப் பொதுவான விசைப்பலகை பிறந்தது. வராது என்றவர் வாய் அடைத்தது; வந்தே தீரும் என்றவர் கை வென்றது.

எனினும், நூல் நூற்றவனுக்கு நூல் மறுத்த சமுதாயம் இது. அன்று, "படிப்பு உனக்கேன்?" என்றது, இன்று, "கணினி உன் பிள்ளைக்குப் புரியுமா?" என்கிறது. அதே வாய், கணினிக்குப் பொட்டிட்டுப் பூசை செய்யச் சொல்கிறது. அதிலேயே சாதகமும் கணிக்கச் சொல்கிறது! அறிவின் கருவியை மடமைக்கு ஏவலாளாக்கும் இந்தக் கொடுமைக்கு விடை விளக்கம் ஒன்றே.

இளைஞர்களே, தறியின் முன்னே நெசவாளியின் மகளை நிறுத்துங்கள். அட்டையைக் காட்டித் தரவைச் சொல்லுங்கள். கோவையைக் காட்டி நிரலைச் சொல்லுங்கள். மனப்பாடம் வேண்டாம், பொருள் விளங்கட்டும். நாளை அட்டையை அடுக்குவதோடு அவள் நிற்கமாட்டாள். நிரலையும் அவளே எழுதுவாள்.